ஓதம் ஏறிய சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகளில் சுவரடிப் பூச்சு உதிர்ந்தால், யார் சொன்னாலும் அங்கே சிமெண்ட் பூசாதீர்கள். செங்கலும் சுண்ணாம்பும் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை அடைக்கும். தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரமான ஓதம் இன்னும் மேலே ஏறி, உப்புப் பூத்து, நன்றாயிருந்த பூச்சையும் பெயர்த்துவிடும்.

வேலையின் உயிர் சுண்ணாம்பை நீற்றுவதில், அதாவது சுட்ட கட்டியைத் தண்ணீரில் போட்டுக் கொதித்து அடங்க விடுவதில்தான். சூளையிலிருந்து புதிதாக வந்த கட்டியாக வாங்குங்கள். காற்றில் கிடந்து மாவாய் உதிர்ந்தது வேண்டாம். தொட்டியில் முதலில் தண்ணீர், பிறகு கட்டி. கட்டிமேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். ஒரு கிலோவுக்கு 3 லிட்டர் கணக்கு. கொதி அடங்கியதும் கிளறி, மெல்லிய சல்லடையில் வடித்து, மேலே இரண்டு விரல் தண்ணீர் நிற்கும்படி மூடி வையுங்கள். அடிப்பூச்சுக்கு 15 நாளாவது, மேலே பளபளப்புக்குப் பூசும் மெருகுக்கு மூன்று மாதமாவது ஊறட்டும். அவசரப்பட்டால் பூசி வெகுநாள் கழித்துச் சுவரில் கடலை அளவு குழி தெறிக்கும். குழி நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும்: நீறாத துணுக்கு ஈரம்பட்டுப் பருத்து வெடித்த இடம் அது.

அடுத்தது, பூச்சுக் கலவையில் சேர்க்கும் கடுக்காய்த் தண்ணீர்: கொட்டை நீக்கி இடித்த கடுக்காய் அரைக்கிலோ, கருப்பட்டி அரைக்கிலோ, தண்ணீர் 10 லிட்டர். ஓரிரு நாள் ஊறவைத்து வடிகட்டிக் கலவைக்கு ஊற்றுங்கள். கருப்பட்டியைக் கூட்டினால் பூச்சு இறுகாது, எறும்பும் வரும்.

பழைய பூச்சை உறுதியான இடம் வரை கொத்தியெடுத்து, உப்பைத் துலக்கி, சுவரை முந்தின நாளே நன்றாக நனையுங்கள். காய்ந்த செங்கல் கலவையின் நீரை உறிஞ்சினால் பூச்சு பிடிக்காது. அடிப்பூச்சுக் கலவைக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு சலித்த ஆற்றுமணல். ஒரு தடவைக்கு 10 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம், தடித்தால் வெடிக்கும். நகத்தால் அழுத்தி, பள்ளம் விழாதபோதுதான் அடுத்த பூச்சு.

மெருகுக்கு ஊறிய சுண்ணாம்பும் வெள்ளைக்கல் மாவும் சம அளவில், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, 2 மில்லிமீட்டர் கனத்தில் இழுத்து, ஈரம் சுண்டும் நேரத்தில் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்க்க வேண்டும். முந்தினால் பூச்சு கல்லோடு வரும். பிந்தினால் பளபளப்பு ஏறாது.

சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் கல்லாகிறது. அதற்குக் கொஞ்சம் ஈரமும் தேவை. அதனால் கத்திரி வெயிலில் பூசாதீர்கள். ஈரச்சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரமாவது தெளித்து வாருங்கள்.