பல் எண் குழப்பத்தைத் தீர்த்த கதை

எங்கள் கிளினிக்கில் பழைய மென்பொருளிலிருந்து புதியதுக்கு நோயாளிகளின் பதிவுகளை மாற்றும்போது பெயர், தேதி எல்லாம் ஒருவழியாகச் சரியாகிவிட்டது, மாட்டிக்கொண்டது பல் எண்ணில்தான். பழையது அமெரிக்கத் தயாரிப்பு, அதில் 1 முதல் 32 வரை ஓடும் யுனிவர்சல் முறை. ஆனால் இங்கே டாக்டர்கள் படித்தது எஃப்டிஐ முறை (ஐஎஸ்ஓ 3950; முதல் இலக்கம் வாயின் எந்தக் கால்பகுதி, இரண்டாவது அதில் எத்தனையாவது பல்), அதனால் சிலர் அதே பெட்டியில் அதையே அடித்திருந்தார்கள். 14 என்றால் எஃப்டிஐயில் மேல் வலது முதல் முன்கடைவாய்ப் பல், யுனிவர்சலிலோ மேல் இடது முதல் கடைவாய்ப் பல், அதாவது எஃப்டிஐயின் 26. நல்ல பல்லைப் பிடுங்க இது போதாதா!

முதலில் மூல எண்ணைத் தொடாமல், பக்கத்தில் 'எந்த முறை' என்று ஒரு நெடுவரிசை சேர்த்தேன். 33-ஓ அதற்கு மேலோ இருந்தால் எஃப்டிஐ, 1 முதல் 10 வரையோ 19, 20, 29, 30 ஆகவோ இருந்தால் யுனிவர்சல், இதைக் கணினியே பிரித்துவிடும். 11 முதல் 18, 21 முதல் 28, அப்புறம் 31, 32 இவைதான் தலைவலி, இரண்டு முறையிலும் உண்டு. அவற்றுக்குச் சிகிச்சைக் குறிப்பில் கடைவாய்ப் பல் என்று எழுதியிருக்கிறதா, எந்த டாக்டர் எழுதியது என்று பார்த்தேன், அதிலும் தெரியாததை எக்ஸ்ரேயோடு ஒப்பிட டாக்டரிடமே கொடுத்துவிட்டேன். ஊகித்து நிரப்பவில்லை.

இப்போது எண்ணைத் தட்டச்சு செய்யவே வழியில்லை, படத்தில் பல்லைத் தொட்டால்தான் பதிவாகும்.