கடல்மீனுக்கு இரண்டு டப்பும் பன்னிரண்டு நாளும்

கோயம்புத்தூர்க்காரர்கள் கடலைப் பார்க்கப் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்ட வேண்டும். அத்தனை தொலைவு கடந்து பாலித்தீன் பையில் வந்த கோமாளி மீன் ஜோடியை, வாங்கிய அன்று மாலையே பெரிய தொட்டியில் விட்டேன். நான்காம் நாள் அதில் ஒன்று பாறையில் உடம்பைத் தேய்த்தது. மறுநாள் துடுப்பெல்லாம் ரவை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி. பத்து நாளில் ஐந்து மீன்கள் செத்தன. உங்கள் வீட்டில் அப்படி நடக்கக் கூடாது என்றால், புது மீனைப் பெரிய தொட்டியில் விடுமுன் பன்னிரண்டு நாள் இரண்டு டப்புகளில் மாற்றி மாற்றி வையுங்கள்.

இதைச் செய்வது கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணி. மீனின் தோலுக்குள் 3 முதல் 7 நாள் தின்று கொழுத்து, பிறகு உதிர்ந்து தரையில் கூடு கட்டிக்கொள்கிறது. புள்ளி மறைந்ததும் குணமாகிவிட்டது என்று மகிழ்கிறோமே, அப்போது அது கீழே இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். கூட்டுக்குள் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. ஆனால் கூடு வெடித்துக் குஞ்சுகள் வெளிவரக் குறைந்தது மூன்று நாளாகும். அதற்குள் மீனை இடம் மாற்றிவிட்டால் கூடு பழைய டப்பிலேயே தங்கிவிடும்.

தேவையானவை: 40 லிட்டர் பிளாஸ்டிக் டப் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் தனியாக ஹீட்டர், காற்றுக் குமிழி விடும் காற்றுக்கல், மீன் ஒளிய ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டு. மணலோ பாறையோ வேண்டாம். மின்வெட்டுக்குப் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள்.

தண்ணீர்: சிறுவாணித் தண்ணீர் குடிக்க அமிர்தம்தான், ஆனால் குளோரின் கலந்து வருகிறது, போர் தண்ணீரோ பல ஊர்களில் கடின நீர். ஆர்.ஓ. தண்ணீரையே பயன்படுத்துங்கள். சமையல் கல்லுப்பு உதவாது. மீன் தொட்டிக்கான கடலுப்பை லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம் முந்தைய நாளே கரைத்து, உப்பளவு பார்க்கும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025 காட்டுகிறதா என்று பாருங்கள். வெப்பம் 26 டிகிரி.

மாற்றுதல்: முதல் நாள் மீனை முதல் டப்பில் விடுங்கள். பிறகு 4, 7, 10, 13-ஆம் நாள்களில், 72 மணி நேரம் தாண்டாமல், அடுத்த டப்புக்கு மாற்றுங்கள். நான் காலை ஆறு மணிக்கு அலாரம் வைத்துக்கொள்வேன். புது டப்பில் உப்பும் வெப்பமும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். சமையலறை வடிகட்டி ஒன்றால் மீனை மெல்ல ஏந்துங்கள். பழைய தண்ணீர் முடிந்தவரை கூட வரக் கூடாது. மூன்று நாளுக்கொருமுறை தண்ணீர் முழுக்கப் புதிதாவதால் மீன் கழிவில் சேரும் அம்மோனியா பெரும்பாலும் தொல்லை தராது. மிஞ்சிய தீனியை மட்டும் உடனே எடுத்துவிடுங்கள்.

காலியான டப், ஹீட்டர், குழாய், வடிகட்டி எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவி, ஒரு முழு நாள் சொட்டு ஈரமில்லாமல் காயவையுங்கள். காற்றுக்கல்லை மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள், அதன் துளைகளில் ஈரம் தங்கும். மொட்டை மாடி வெயிலில் நம் ஊரில் டப் மதியத்துக்குள் காய்ந்துவிடும், என்றாலும் அவசரப்படாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. உடம்பில் தங்கப் பொடி பூசியதுபோல் மெல்லிய படலமும் வேகமான மூச்சும் தெரிந்தால் அது வெல்வெட் நோய். இடம் மாற்றுவது அதை நிறுத்தாது. உடனே தாமிர மருந்து வேண்டும், பவளமோ இறாலோ இல்லாத தனித் தொட்டியில்.

பெரிய தொட்டியில் வெண்புள்ளி ஏற்கெனவே வந்துவிட்டதா? எல்லா மீனையும் வெளியே எடுத்து இப்படிச் சுத்தப்படுத்துங்கள். அந்தத் தொட்டியை 76 நாள் மீனில்லாமல் ஓட விடுங்கள். பவளமும் இறாலும் அங்கேயே இருக்கலாம்.