தேரியா, எக்கரா, திட்டா? மணல்மேட்டின் பெயரைச் சரிபார்க்கும் முறை

ராமநாதபுரம் கடற்கரையில் கண்ணில் படுகிற மணல்மேட்டையெல்லாம் 'தேரி' என்று எழுதிவிடுகிறார்கள். அகராதிப்படி தப்பில்லை, தேரி என்றால் மணற்குன்று. ஆனால் புழக்கத்தில் அந்தச் சொல் பெரும்பாலும் செம்மணலுக்கே நிற்கிறது. சாயல்குடி பக்கம் தொடங்கி தூத்துக்குடி, திருச்செந்தூர் வட்டாரம் வரை பனையும் உடைமரமுமாகக் கிடக்கும் மேடுகள் அவை. தனுஷ்கோடியில் காற்றோடு நகரும் வெண்மணல் வேறு.

நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மேல்மணலில் பலதும் கலந்திருக்கும், அரை அடி தோண்டி எடுங்கள். கண்ணாடி டம்ளரில் இரண்டு விரல் உயரம் மணல், முக்கால் பங்கு தண்ணீர். கலக்கிவிட்டு ஒரு நிமிடம் பாருங்கள். கரைமணல் சட்டென்று தெளியும். தேரி மணலில் தண்ணீர் செம்மண் கரைசலாக நிற்கும், மணிகளின் மேல் இரும்பு ஆக்சைடும் நுண்களிமண்ணும் பூசியிருப்பதால். அடுத்து, காய்ந்த மணலில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு. நுரைத்தால் சிப்பித்தூள் இருக்கிறது. நுரை கண்ணுக்குத் தெரியாவிட்டால் காதருகே பிடியுங்கள், 'சுர்'ரென்று கேட்கும். தேரியில் சுண்ணாம்பை மழைநீர் எப்போதோ கரைத்துக்கொண்டு போயிருக்கும், சத்தமே வராது.

ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அலை ஒதுக்கும் கார்னெட் என்ற கனிம மணலும் சிவப்புதான். ஆனால் அந்த மணி உள்ளும் புறமும் சிவப்பு, கழுவினாலும் தண்ணீர் கலங்காது.

கடலுக்குள் தலைகாட்டும் மேடு என்றால் 'மணல்திட்டு'. தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனைக்கு அப்பால் இருப்பவை அப்படித்தான். அலையும் காற்றும் குவித்த மணலுக்குச் சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்தில் வரும் சொல் 'எக்கர்'. மேலெழுதலைக் குறிக்கும் 'எக்கு' என்ற வினையோடு சேர்த்துப் பார்த்தால் பொருள் விளங்கும். எக்கிப் பறிக்கிறோமே, அதேதான்.

தேரியைத் 'தேர் போல உயர்ந்ததால் தேரி' என்று விளக்குவது ஒலியை வைத்துக் கட்டிய கதை, வேர்ச்சொல் என்று எழுதிவிடாதீர்கள். முதுகுளத்தூர் பக்கத்துத் தேரிருவேலியைப் பெயரை மட்டும் வைத்து மணல்மேட்டு ஊராக்குவதும் அதே பிழை.

ஊரில் விசாரிக்கும்போது "இது தேரிதானே?" என்று கேட்டால் மரியாதைக்கு "ஆமா" என்றுதான் பதில் வரும். "இந்த மேட்டுக்கு என்ன பேரு சொல்லுவீக?" என்று கேளுங்கள். பனையேறுபவரிடம் தனியாக, வலைக்காரரிடம் தனியாக.