எம்.எஸ்சி. சேருகிறீர்களா? முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள்

குழந்தை வளர்ச்சி, உளவியல் என்று முதுகலை சேரப்போகும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது, "என்ன புக் வாங்கணும்க்கா?" புத்தகம் நூலகத்தில் கிடைக்கும். நோட்டு வாங்குங்கள், அங்கன்வாடிக்கு எடுத்துப் போய்ப் பிள்ளைகளைக் கவனித்து எழுத.

சேர்க்கை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹோம் சயின்ஸ் (மனையியல்) வழியில் வந்தது ஹியூமன் டெவலப்மென்ட் (மனித வளர்ச்சி). கோவை அவினாசிலிங்கம் பல்கலைக்கழகத்தில் இருப்பது அந்த வகை. உளவியல் துறையின் எம்.எஸ்சி. வேறு, அதில் சோதனைகளும் புள்ளியியலும் கூடுதல். இரண்டில் எதை முடித்தாலும் அதை மட்டும் வைத்து 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போர்டு மாட்ட முடியாது. அதற்கென்று அங்கீகாரம் பெற்ற படிப்பு தனியாக உண்டு. தபாலில் உளவியல் படிக்கும் வழியையும் 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து யுஜிசி மூடிவிட்டது.

இனி நோட்டு. முதல் செமஸ்டரில் நாலு வயதுப் பையன் ஒருவனைப் பார்த்து, "கோபக்காரன், பிடிவாதம் அதிகம்" என்று எழுதிக் கொடுத்தேன். மேடம் சிவப்பு மையில் அடித்து, "நீ பார்த்தது எங்கே?" என்று ஓரத்தில் எழுதினார். மறுநாள் எழுதியது இது: "10.20. பக்கத்துப் பிள்ளை மஞ்சள் கட்டையை எடுத்தது. இவன் கை நீட்டினான். கிடைக்கவில்லை. தரையை இரண்டு தடவை அடித்தான். ஆயாவைத் திரும்பிப் பார்த்தான்." கடைசி வரியைப் பாருங்கள். பையன் ஆள் தேடியிருக்கிறான். பிடிவாதம் என்று எழுதிய கைக்கு அது தப்பிப்போனது.

பக்கத்தின் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் கண்டதும் கேட்டதும், நேரத்தோடு. வலப்பக்கம் உங்கள் யோசனை. அதைச் சாயங்காலம் எழுதினால் போதும். ஐந்து நிமிடம் எழுதி, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி ஐந்து நிமிடம். சுவரோரம் தரையில் உட்காருங்கள், நாற்காலி வேண்டாம். முதல் இரண்டு நாள் பிள்ளைகள் உங்களைத்தான் வேடிக்கை பார்க்கும், பேனாவைப் பிடுங்கும். அந்தக் குறிப்பு தேறாது.

குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜேயின் தண்ணீர்ச் சோதனையை எல்லோரும் செய்வீர்கள். ஒரே அளவு இரண்டு டம்ளர், ஒன்றிலுள்ளதை ஒல்லிக் கண்ணாடி கிளாஸில் ஊற்றி, "இப்ப எதுல நிறைய?" என்பது. இரண்டிலும் ஒன்றுதான் என்பது சரியான பதில். ஊற்றுமுன் ஒரு தடவை, ஊற்றியபின் ஒரு தடவை கேட்பது வழக்கம். 1974-இல் ரோஸ், பிளாங்க் என்ற ஆய்வாளர்கள் இருவரும், தண்ணீருக்குப் பதில் வில்லைகளை வரிசையாக வைத்துச் செய்யும் இதே வகைச் சோதனையில், முதல் கேள்வியை விட்டுவிட்டுக் கேட்டார்கள். சரியாகச் சொன்ன பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியது. டீச்சர் ஒரே கேள்வியை மறுபடி கேட்டால் முதல் பதில் தப்பு என்றுதானே நம் வகுப்பறையிலும் அர்த்தம்! இரண்டு விதமாகவும் செய்து பாருங்கள். சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது மட்டும் வேண்டாம், கண்ணெல்லாம் தட்டு மேல்தான் இருக்கும்.

அடுத்தது செகுவின் பலகை, மரத்துண்டுகளை அதனதன் வடிவக் குழியில் பொருத்தும் சோதனை. பத்து மரத்துண்டு, மூன்று முயற்சி, மிகக் குறைந்த நேரமே கணக்கு. நேரம் பார்க்க செல்போனை எடுத்தால் சோதனை முடிந்தது. பிள்ளைக்கு அப்புறம் போன்தான் வேண்டும். ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதி அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். நோட்டில் பிள்ளையின் நிஜப் பெயர் வேண்டாம். கையெழுத்து போட்டுவிட்டு அந்த அம்மா கேட்பார்: "எம் புள்ள நல்லாத்தானே இருக்கான்?" தீர்ப்புச் சொல்லாதீர்கள், நாம் மாணவிகள். பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைப் பரிசோதித்து உதவும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் எந்த அரசு மருத்துவமனையில், எந்தக் கட்டிடத்தில், என்றைக்குப் போகலாம் என்று விசாரித்து, நோட்டின் கடைசிப் பக்கத்தில் முதல் நாளே எழுதி வைத்துவிடுங்கள்.