பழைய மாருதி 800-இல் கனெக்டிங் ராட் பேரிங் மாற்றும் முறை

ஆம்பூரிலிருந்து கோடை வெயிலில் திரும்பி வந்து வேலூர் கிரீன் சர்க்கிளில் நின்றபோது, 1,80,000 கி.மீ. ஓடிய என் மாருதி 800-இன் ஆயில் விளக்கு மினுக்கியது. காட்பாடி மேம்பாலம் ஏறும்போது எஞ்சினின் அடியிலிருந்து தட்டும் சத்தமும் கேட்டது. ஸ்பார்க் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எர்த் செய்து ஓட்டிப் பார்த்ததில், இரண்டாவது சிலிண்டரில் சத்தம் குறைந்ததால் கனெக்டிங் ராட் பேரிங்தான் (பிஸ்டனை, எஞ்சினின் சுழல் தண்டான கிராங்க்குடன் இணைக்கும் ராடின் அடியில் உட்காரும் அரைவட்ட உலோகத் தகடுகள்) தேய்ந்திருக்கிறது என்று உறுதியானது.

காரை ஸ்டாண்டின் மேல் நிறுத்தி, ஆயிலை வடித்து, சம்ப்பை, அதாவது எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியை, கழற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்க வேண்டாம். பிளக்குகளைக் கழற்றிவிட்டால் கிராங்க் கையால் எளிதாகச் சுழலும். ராடிலும் அதன் அடியில் பூட்டியிருக்கும் கேப்பிலும் ஒரே பக்கத்தில் பஞ்ச்சால் புள்ளி வைத்த பிறகே நட்டை அவிழ்க்க வேண்டும். கேப் திரும்பியோ வேறு ராடுக்கோ மாறிவிடக் கூடாது. ராட் போல்ட்டுகளின் மேல் பெட்ரோல் ஹோஸ் துண்டுகளை மாட்டினால் கிராங்க் பின்னில் (கிராங்க்கில் ராட் பூட்டும் உருளைப் பகுதி) கீறல் விழாது.

புதிய பேரிங் வாங்கும் முன் பழையதன் முதுகில் பொறித்திருக்கும் அளவைக் கட்டாயம் படியுங்கள். கைமாறி வந்த காரென்பதை மறந்து, முதல் முறை நான் ஸ்டாண்டர்டு அளவை வாங்கிப் பூட்டினேன். சூடானதும் ஆயில் விளக்கு அணையவில்லை, தட்டலும் முன்னிலும் பலமாகக் கேட்டது. உடனே நிறுத்திவிட்டு, டப்பாவில் போட்டு வைத்திருந்த பழைய பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, கறைக்கு அடியில் 025 என்ற சிறிய எழுத்து தெரிந்தது. முன்பே கிராங்க்கை 0.25 மி.மீ. கடைந்திருக்கிறார்கள்; மெலிந்த பின்னுக்கு அதற்கேற்ற தடித்த பேரிங்தான் பொருந்தும்.

எழுத்தைப் படித்தாலும் கிராங்க் பின்னை மைக்ரோமீட்டரால் இரண்டு திசைகளில் அளந்து மானுவலோடு ஒப்பிடுங்கள். வெர்னியரை இந்த வேலைக்கு நான் ஏற்பதில்லை. நகத்தில் தட்டுப்படும் கீறலோ, மானுவல் எல்லையை மீறிய நீள்வட்டமோ இருந்தால் எஞ்சினை இறக்கி, கிராங்க்கை லேத் பட்டறையில் அடுத்த அளவுக்குக் கடைய வேண்டும்; வெறும் பேரிங் மாற்றம் அங்கே உதவாது.

புதிய பேரிங்கின் முதுகும் அது உட்காரும் இடமும் காய்ந்து சுத்தமாக இருக்க, பேரிங் விளிம்பில் நீட்டியிருக்கும் நாக்கு அதற்கான பள்ளத்தில் அமர வேண்டும். எண்ணெய் தடவாத பின்னின் மேல் பிளாஸ்டிகேஜ் இழையை (இடைவெளியை அளக்க உதவும், நசுங்கும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) வைத்து, மானுவல் சொல்லும் டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்கி, மறுபடி கழற்றி, நசுங்கிய அகலத்தை உறையிலுள்ள அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிறிய பெட்ரோல் எஞ்சின்களில் பேரிங்குக்கும் பின்னுக்கும் இடையிலான இடைவெளி பொதுவாக 0.02 முதல் 0.05 மி.மீ. இருக்கும். இழையைத் துடைத்து, உள்பக்கத்தில் ஆயில் தடவி இறுதியாக இறுக்குங்கள். நல்ல கிளிக் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

ஒவ்வொரு ராடை இறுக்கியதும் கிராங்க்கைச் சுழற்றிப் பாருங்கள். பிடித்தால் அந்தக் கேப்பை உடனே கழற்றிச் சரிபார்க்க வேண்டும். சம்ப்பைப் பூட்டி ஆயில் ஊற்றியபின், பிளக் இல்லாமலேயே, இக்னிஷன் காயிலின் இணைப்பையும் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரை இடைவெளி விட்டுச் சுழற்றிய பிறகே எஞ்சினை இயக்குங்கள். 500 கி.மீ.யில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள்.

பின்சேர்க்கை: குடியாத்தத்திலிருந்து எழுதிய வாசகர் ஒருவருக்கு பிளாஸ்டிகேஜ் இழை இழுபட்டு, அகலம் ஒழுங்கற்று வந்திருக்கிறது. இறுக்கிய பின் கிராங்க்கை அவர் சற்றே சுழற்றியிருக்கிறார். இழை உள்ளே இருக்கும்வரை கிராங்க் ஒரு நூலளவுகூட அசையக் கூடாது. அசைந்துவிட்டால் புதிய இழை வைத்து மீண்டும் அளக்க வேண்டும்.