மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைக்காதவர்களுக்கு ஒரு குறிப்பு

சிங்கப்பூரில் பல்கலைக்கழக நுழைவுக்கு முந்தைய ஏ நிலைத் தேர்வு முடிவுக்குப் பிறகு மருத்துவத்தில் இடம் கிடைக்காத பிள்ளைகள், உயிரியல் என்ற பெயர் இருப்பதாலேயே ஏதோ ஓர் அறிவியல் பட்டத்தை அவசரமாகத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அதற்கு முன், அந்தப் பட்டம் நேரடியாகத் தொழிலுக்குத் தகுதி தருமா என்று பார்ப்பதே முதல் வேலை.

சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகத்தில் இயன்முறை சிகிச்சை, ஆக்குபேஷனல் தெரபி, கதிரியக்கச் சிகிச்சை போன்ற பட்டங்கள் உள்ளன. இவற்றுள் ஆக்குபேஷனல் தெரபியைப் பற்றி நம் வீடுகளில் பலர் அறிவதில்லை என்பது என் வருத்தம். பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்த தாத்தாவுக்கு மறுகையால் சட்டைப் பொத்தான் போடக் கற்றுக்கொடுப்பதும், அவரது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் குளியலறையில் கைப்பிடியை எந்த உயரத்தில் பொருத்தவேண்டும் என்று அளந்து சொல்வதும் அந்தப் பணியே. மனிதர்களோடு நெருங்கிப் பழக விரும்புபவருக்கு இதைவிட நிறைவான துறையை நான் எளிதில் சொல்லமாட்டேன். இத்தொழிலுக்கும் இயன்முறை சிகிச்சைக்கும் சட்டப்படியான பதிவு அவசியம் என்பதால், வெளிநாட்டில் படிக்க எண்ணுபவர்கள் அந்தப் பட்டம் இங்கே ஏற்கப்படுமா என்பதைக் கட்டணம் செலுத்தும் முன்பே உறுதிசெய்துகொள்ளவேண்டும்.

உளவியலில் இளங்கலை மட்டும் படித்தால் மருத்துவமனை உளவியலாளர் ஆகிவிட முடியாது. முதுகலையும் தேவைப்படும் என்பதால், அதற்கான காலத்தையும் செலவையும் இப்போதே கணக்கிடுங்கள். மருத்துவர் கனவை விடமுடியாதவர்களுக்கு, எந்தத் துறையில் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கக்கூடிய, சிங்கப்பூரிலுள்ள டியூக்-என்யூஎஸ் மருத்துவப் பள்ளியின் நான்காண்டுப் படிப்பு இருக்கிறது.