ரைட் பேக்கைப் பற்றி அரைப் பக்கம் எழுத

கால்பந்தில் கோல் அடிக்கிறவரைப் பற்றி எழுதுவது சுலபம், கணக்கே கதை சொல்லிவிடும். ரைட் பேக் மாதிரி வலது ஓரத் தடுப்பாட்டக்காரர் என்றால் வேறு வழி பார்க்க வேண்டும். 2023இல் ஓய்வு பெற்ற செக் வீரர் தியோடோர் கெப்ரெ செலாசியைப் பற்றி எழுதும்போது எனக்குப் பிடிபட்டது இது.

முதலில் பெயர். தலைப்பில் வெறும் ‘செலாசி’ என்று போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். கெப்ரெ செலாசி என்பது இரண்டும் சேர்ந்த ஒரே எத்தியோப்பியப் பெயர், ‘திரித்துவத்தின் ஊழியன்’ என்று பொருள். பாதியை வெட்டினால் ஊழியன் போய்த் திரித்துவம் மட்டும் நிற்கும்!

அப்புறம் வீடு. 1986 டிசம்பர் 24, ட்ர்ஷெபீச் ஊரில் பிறந்தார். அப்பா எத்தியோப்பிய மருத்துவர், அம்மா செக் ஆசிரியை, சகோதரி ஹேண்ட்பால் வீராங்கனை. 2011இல், செக் தேசிய அணிக்கு ஆடிய முதல் கறுப்பின வீரரானார். இதை முதல் வரியிலேயே பட்டமாகச் சூட்டிவிடாதீர்கள். 2012 யூரோவில், அதாவது ஐரோப்பியக் கோப்பைப் போட்டியில், ரஷ்ய ரசிகர்கள் அவரை இனவெறியோடு கேலி செய்ததாகப் புகார் வந்து விசாரணை நடந்ததே, அங்கே சொல்லுங்கள், உறைக்கும்.

மீதி நேரத்தை எல்லாம் ஒரே ஆட்டத்துக்குக் கொடுங்கள். நான் எடுத்தது அதே யூரோவில் 2012 ஜூன் 12, போலந்தின் விரோட்ஸ்வாஃபில் கிரீஸுடன் நடந்தது. நான்கு நாள் முன்புதான் செக் அணியினர் ரஷ்யாவிடம் 1-4 என்று அடி வாங்கியிருந்தார்கள். வீடியோவில் பந்தை விட்டுவிட்டு வலது ஓரத்தை மட்டும் பாருங்கள். 6ஆவது நிமிடம் அங்கே ஓடி ஏறுகிறார், கோல் வாசலுக்குக் குறுக்கே பந்தைத் தள்ளுகிறார், சக வீரர் பிலார்ஷ் உள்ளே சேர்க்கிறார். ஸ்கோர் அட்டையில் பிலார்ஷ் பெயர்தான் இருக்கும். அதற்கு முந்தைய பத்து நொடியை நான் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். செக் 2-1 என்று ஜெயித்தது.

கிளப்புகளுக்கு ஒரே வாக்கியம் போதும்: இஹ்லாவா, ஸ்லாவியா பிராக், 2012இல் லீக் பட்டம் வென்ற லிபெரெட்ஸ், ஒன்பது சீசன் ஜெர்மனியின் வெர்டர் பிரேமன். 2021இல் பிரேமன் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது, அதே கோடையில் அவர் லிபெரெட்ஸுக்குத் திரும்பினார். ‘மூழ்கும் கப்பல்’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். ஒன்பது வருஷம் ஒரே இடத்தில் நின்றவர், வேண்டாம்.

கோல் கணக்கைக் கடைசி வரியில் போடுங்கள்: செக் அணிக்கு 54 ஆட்டம், 3 கோல்.